ரைனோபிளாஸ்டிக்குப் பின் ஐந்தாவது மாதம்: முகமும் பிடிக்கவில்லை, மூச்சும் சீராக இல்லை

தாழம்பூ (இழையைத் தொடங்கியவர்)

கோவையில் இருக்கிறேன். வயது முப்பதை நெருங்குகிறது. சென்னையில் ஒரு தனியார் கிளினிக்கில் ரைனோபிளாஸ்டி, அதாவது மூக்கின் வடிவத்தை மாற்றும் அறுவைச் சிகிச்சை, செய்துகொண்டேன். நான் கேட்டவை இரண்டே. மூக்குத்தண்டின் மேலிருந்த சிறிய மேடு போக வேண்டும், நுனி சற்று மெலிய வேண்டும். மேடு போய்விட்டது. நுனி மெலியவில்லை. நுனிக்குச் சற்று மேலே சதை திரண்டு நிற்பதால், பக்கவாட்டில் பார்த்தால் மூக்கு முன்பைவிட வளைந்து தெரிகிறது. நுனியைத் தொட்டால் மரத்துப்போயிருக்கிறது.

அதைவிடக் கொடுமை மூச்சு. வலது பக்கம் ஆழமாக இழுத்தால் மூக்கின் சுவர் உள்ளே போய் ஒட்டிக்கொள்கிறது. இரவு முழுவதும் வாயால் மூச்சுவிட்டு, தொண்டை காய்ந்துபோய் எழுகிறேன். அறுவைக்கு முன் எனக்கு மூச்சில் எந்தக் குறையும் இருந்ததில்லை.

கிளினிக்கை அழைத்தால் ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பெண் பேசுகிறார். "வீக்கம் வடியும், ஒரு வருடம் பொறுங்கள்" என்பதுதான் ஒவ்வொரு முறையும் பதில். பணம் கட்டும் வரை அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிய மருத்துவர் இப்போது தொலைபேசிக்கு வருவதில்லை. கடன் தவணை மட்டும் மாதம் தவறாமல் போகிறது.

அலுவலகத்தில் முகக்கவசத்தைக் கழற்றுவதில்லை. ஒவ்வாமை என்று சொல்லி வைத்திருக்கிறேன். தங்கையின் நிச்சயதார்த்தத்தில் ஒரு படத்தில்கூட நிற்கவில்லை. அம்மாவிடம் பேசினால் அழுகை வருகிறது, அம்மாவும் அழுகிறார், அதனால் பேசுவதையே நிறுத்திவிட்டோம்.

இது வீக்கம்தானா, அல்லது கெட்டுப்போய்விட்டதா? மறு அறுவைக்கு எத்தனை காலம் காத்திருக்க வேண்டும்? இந்த நிலையைக் கடந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

வைகைக்கரை

தங்கச்சி, நான் கடந்திருக்கிறேன். முதல் அறுவை, நீண்ட இடைவெளி, பிறகு மறு அறுவை. இப்போது நிம்மதியாக இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன் நிலையில் நான் இருந்தபோது இந்த ஒரு வரியைச் சொல்ல யாரும் கிடைக்கவில்லை.

வீக்கத்தைப் பற்றி உனக்குச் சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதி. மூக்கின் மேல் வைக்கும் தாங்குகட்டான ஸ்பிளிண்ட்டை ஏறக்குறைய ஒரு வாரத்தில் எடுத்துவிடுவார்கள். கண்ணைச் சுற்றிய கருநீலம் இரண்டு மூன்று வாரங்களில் மறையும். வெளியார் கண்ணுக்குத் தெரியும் வீக்கத்தில் பெரும்பகுதி முதல் சில மாதங்களில் போய்விடும். நுனியில் உள்ளது மட்டும் அப்படிப் போகாது. நம்மைப் போலத் தடித்த தோல் உள்ளவர்களுக்கு ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம்கூட ஆகிறது. அடியில் குருத்தெலும்பை எவ்வளவு செதுக்கினாலும், மேலே தடித்த தோல் உடனே அதன் மேல் படியாது. இடையில் உள்ள வெற்றிடத்தில் தழும்புத்திசு வந்து நிரம்பும். நுனிக்கு மேலே திரண்டு நிற்பதாகச் சொன்னாயே, அது பெரும்பாலும் இதனால்தான். காலையில் அதிகமாகவும் மாலையில் குறைவாகவும் இருக்கிறதா என்று பார். ஊறுகாய், அப்பளம் என்று உப்பு மிகுதியாகச் சாப்பிட்ட மறுநாள் கூடுகிறதா என்று கவனி. நாளுக்கு நாள் மாறினால் அதில் வீக்கம் இன்னும் இருக்கிறது.

மறு அறுவையை இப்போது நினைக்காதே. நல்ல மருத்துவர் யாரும் பன்னிரண்டு மாதத்துக்கு முன் வடிவத்துக்காகக் கத்தி வைக்க மாட்டார். வைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரிடமிருந்து எழுந்து வந்துவிடு. முதல் அறுவையின் தழும்பு இறுகிய நிலையில் இருக்கும்போது உள்ளே போனால், எது திசு எது தழும்பு என்று பிரிக்க முடியாது. முதல் முறையில் நடுச்சுவரிலிருந்து குருத்தெலும்பை எடுத்துப் பயன்படுத்தியிருந்தால், இரண்டாவது முறைக்கு அங்கே போதுமான அளவு இருக்காது. காதிலிருந்தோ விலா எலும்பை ஒட்டியோ எடுப்பார்கள். எனக்கு விலாவிலிருந்து எடுத்தார்கள். மூக்கைவிட விலாதான் அதிகம் வலித்தது. இருமவோ சிரிக்கவோ முடியவில்லை. இதையும் தெரிந்துகொள்.

கண்ணாடி அணிபவளா நீ? மூக்குத்தண்டில் எடை வைக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டாரா என்பதையும் கேட்டுக்கொள்.

---

கனகாம்பரம்

மனம் புண்படும் என்று தெரிந்தே சொல்கிறேன். பெற்றவர்கள் கொடுத்த முகத்தைக் கத்தியிடம் கொடுத்தால் இப்படித்தான். மூக்கும் முழியுமாக இருக்கிற பெண்கள்கூட இன்று கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டு ஓடுகிறார்கள். நோய் வந்து அறுத்தால் அது விதி. நோயில்லாமல் அறுப்பது எதற்கு?

---

தாழம்பூ

அம்மா, உங்கள் வயதுக்கு மரியாதை கொடுத்துப் பதில் சொல்கிறேன். எட்டாம் வகுப்பிலிருந்து எனக்குக் 'குடைமிளகாய்' என்று பெயர். வகுப்பில் வைத்த பெயர் இல்லை, சொந்தக்காரர்கள் வைத்தது. கல்யாண வீடுகளில் கூப்பிடுவார்கள், எல்லோரும் சிரிப்பார்கள். பெண் பார்க்க வந்த வீட்டில், நான் காபித் தட்டோடு நிற்கும்போதே "முகத்துக்கு மூக்கு கொஞ்சம் பெரிசு" என்று ஒரு அத்தை சொன்னார். அன்றைக்கு யாரும் "பெற்றவர்கள் கொடுத்த முகம்" என்று சொல்லி அந்த அத்தையை நிறுத்தவில்லை. இப்போது அதே வாய்கள் "நல்லாத்தானே இருந்தது" என்கின்றன.

நான் வருந்துவது ஆசைப்பட்டதற்காக இல்லை. ஒரு மனிதர் என் மூக்கினுள் கைவைத்துவிட்டு, மூச்சு முட்டுகிறது என்று நான் சொல்லும்போது காது கொடுக்க மறுக்கிறாரே, அதற்காக.

---

நெறியாளர்

செய்தது சரியா தவறா என்ற விவாதத்துக்குத் தனி இழை தொடங்கலாம். இங்கே ஒருவர் உதவி கேட்டிருக்கிறார். கிளினிக், மருத்துவர் பெயர்களை யாரும் குறிப்பிட வேண்டாம். தனிச்செய்தியிலும் கேட்க வேண்டாம்.

---

பழைய செவிலி

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறுவை அரங்கில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான், மதுரை. காது-மூக்கு-தொண்டை அரங்கிலும் இருந்திருக்கிறேன், பிளாஸ்டிக் அறுவை அரங்கிலும் இருந்திருக்கிறேன்.

வைகைக்கரை சொன்னது வடிவத்துக்கு முழுக்கச் சரி. ஆனால் ஒன்றில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். "ஒரு வருடம் பொறு" என்பது வடிவத்துக்கான பதில். மூச்சுக்கு அது பதில் ஆகாது. இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டிக் கொடுப்பது அந்தக் கிளினிக்குக்கு வசதி, உனக்கு இல்லை மகளே.

நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது மூக்கின் உள்வால்வு. நடுச்சுவரும் மேல் பக்கக் குருத்தெலும்பும் சேரும் கோணம் அது. மூக்குக்குள் காற்று போகும் பாதையில் மிகக் குறுகலான இடம் அதுதான். இயல்பான மூக்கிலேயே அந்தக் கோணம் பத்து முதல் பதினைந்து டிகிரிதான். மேட்டைச் செதுக்கும்போது அந்தப் பக்கக் குருத்தெலும்பின் பிடி தளர்ந்துவிட்டால், மூச்சை இழுக்கும்போது சுவர் உள்ளே சரியும். கவனமான அறுவை மருத்துவர்கள் அங்கே குருத்தெலும்புச் சிம்பு வைத்துத் தாங்கல் கொடுப்பார்கள். உனக்கு வைத்தார்களா என்று தெரியாது. வீட்டிலேயே ஒன்று செய்து பார்: வலது கன்னத்தை மூக்குக்குப் பக்கத்தில் விரலால் மெல்ல வெளிப்பக்கமாக, காதை நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு மூச்சை இழு. மூச்சு சட்டென்று எளிதாகிறதா? மருத்துவர்களும் முதலில் இதைத்தான் செய்து பார்ப்பார்கள். எளிதானால் சந்தேகம் அந்தப் பக்கம் சாய்கிறது. ஆனாலும் முடிவாகச் சொல்ல எண்டோஸ்கோப், அதாவது கேமரா உள்ள மெல்லிய குழாய், வைத்து உள்ளே பார்த்தாக வேண்டும். அதற்கு ஒரு வருடம் காத்திருக்க ஒரு காரணமும் கிடையாது.

இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். முதல் நாட்களில் மூக்கு இரண்டு பக்கமும் முழுதாக அடைத்து, வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால் நடுச்சுவருக்குள் இரத்தம் கட்டியிருக்கலாம். அதை அன்றைக்கே வடித்துவிட வேண்டும், தாமதித்தால் குருத்தெலும்பு அழுகி மூக்கு நடுவில் குழிந்துவிடும். காய்ச்சல், சீழ், தோல் கறுப்பது, நிற்காத இரத்தம் ஆகியவற்றுக்கெல்லாம் "பொறுங்கள்" என்ற சொல்லே கூடாது.

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். குறை தெரியும் இடத்தில் பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசி போட்டுச் சமன் செய்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அறுவை செய்த மூக்கில் இரத்தக்குழாய்கள் பழைய இடத்தில் இருப்பதில்லை, தழும்புக்குள் சிக்கியிருக்கும். ஊசி மருந்து குழாய்க்குள் போய் அடைத்தால் தோல் அழுகும். அந்த அடைப்பு கண்ணுக்குப் போகும் குழாய்வரை சென்று பார்வை பறிபோன நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். முகத்தில் ஃபில்லருக்கு மிக ஆபத்தான இடங்களில் மூக்கு ஒன்று. அழகு நிலையத்தில் படுத்து இதைச் செய்துகொள்ளாதீர்கள்.

உன் டிஸ்சார்ஜ் அறிக்கையை எடுத்துப் படி. என்னென்ன செய்தார்கள் என்று அதில் எழுதியிருக்கும்.

---

இரவுப்பணி

நான் அறுவை செய்துகொண்டவன் இல்லை. என் மனைவி செய்துகொள்ளத் தயாரானபோது நிறையப் படித்தேன், அதில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

தாழம்பூ, நீங்கள் தினமும் கைப்பேசியில் மூக்கைப் படம் எடுத்து ஒப்பிடுகிறீர்கள் என்றால் நிறுத்துங்கள். 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டு வெளியிட்டார்கள்: முகத்திலிருந்து 12 அங்குலத் தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில், 5 அடித் தூரத்தில் எடுப்பதைவிட மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாகத் தெரிகிறது. கேமராவுக்கு மிக அருகில் இருப்பது மூக்குதான் என்பதே காரணம். அறுவைக்கு முன் எடுத்த செல்ஃபியும் பொய், இப்போது எடுப்பதும் பொய். ஒப்பிட வேண்டுமானால் மாதம் ஒரு முறை, அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், ஐந்தாறு அடி தள்ளி நின்று வேறொருவர் எடுக்கட்டும். மருத்துவரிடம் காட்டவும் அதுதான் பயன்படும்.

---

தாழம்பூ

செவிலி அக்கா சொன்னபடி கன்னத்தை இழுத்துப் பார்த்தேன். காற்று திறந்த ஜன்னல் வழியாக வருவதுபோல் வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு வலது பக்கத்தில் மூச்சு உள்ளே போனதை உணர்ந்தேன்.

ஆனால் டிஸ்சார்ஜ் அறிக்கையைப் படித்ததில் வேறொரு அதிர்ச்சி. இரண்டு பக்கமும் 'டர்பினேட் குறைப்பு' செய்ததாக எழுதியிருக்கிறது. இப்படி ஒன்று செய்யப்போவதாக என்னிடம் யாரும் சொல்லவில்லை. நான் கையெழுத்திட்ட படிவத்தின் புகைப்படம் என்னிடம் இருக்கிறது, அதில் ரைனோபிளாஸ்டி மட்டும்தான். டர்பினேட்டைப் பற்றித் தேடினேன். 'வெற்று மூக்கு' என்று ஒரு நோயைப் பற்றி வந்தது. அதைப் படித்ததிலிருந்து கை நடுங்குகிறது. அதில் பாதிக்கப்பட்டவர்கள் வாழவே பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அதுதானா?

---

பழைய செவிலி

முதலில் தேடுவதை நிறுத்து. இன்றிரவு தேடாதே.

டர்பினேட் என்பது மூக்கினுள் பக்கச்சுவரில் இருக்கும் சுருள் மடிப்பு. உள்ளே போகும் காற்றை ஈரமாக்கிச் சூடாக்குவது அதன் வேலை. அது வீங்கியிருந்தால் சற்றுக் குறைப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் அறுவை. பெரும்பாலோர் அதனால் நன்மையே அடைகிறார்கள். மிக அதிகமாக வெட்டிவிட்ட சிலருக்குத்தான் நீ படித்த நிலை வருகிறது. அவர்களுக்குப் பாதை அகலமாகத் திறந்திருக்கும், ஆனாலும் மூச்சு போகவில்லை என்ற உணர்வு இருக்கும். உனக்குக் கன்னத்தை இழுத்ததும் காற்று வந்தது, வந்ததை உணர்ந்தும் இருக்கிறாய். எவ்வளவு குறைத்தார்கள் என்பதை எண்டோஸ்கோப்பும் தேவைப்பட்டால் சிடி ஸ்கேனும் காட்டிவிடும். பார்க்காமல் ஒரு பெயரை எடுத்து உன் தலையில் வைத்துக்கொள்ளாதே.

வேறு ஒரு மருத்துவரைப் பார். முதலில் ஒரு காது-மூக்கு-தொண்டை மருத்துவர். பிறகு பிளாஸ்டிக் அறுவையில் எம்.சிஎச். என்ற மேற்பட்டம் முடித்து, மூக்கு மறு அறுவையைத் தொடர்ந்து செய்பவர். பணம் இடித்தால் பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இரண்டு துறைகளும் உண்டு. வரிசையில் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே உனக்கு எதையும் விற்க யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

---

நீதிமன்ற வாசல்

வழக்குரைஞர் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் ஆவணங்களைப் பார்க்காமல் இது பொதுவான தகவல் மட்டுமே.

முகம் எதிர்பார்த்தபடி வரவில்லை என்பது மட்டும் மருத்துவக் கவனக்குறைவு ஆகாது. இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள், பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஆனால் படிவத்தில் இல்லாத ஒன்றைச் செய்திருப்பது வேறு விஷயம். ஓர் அறுவைக்குக் கொடுத்த ஒப்புதல் இன்னோர் அறுவைக்கு ஆகாது, உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டிய நிலை மட்டுமே விதிவிலக்கு என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்பது 1995 தீர்ப்பு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் செலுத்திய தொகை 50 லட்சம் வரை இருந்தால் வழக்குத் தொடரலாம், 5 லட்சம் வரை என்றால் மனுக்கட்டணமே இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 'ஒரு வருடம் பொறுங்கள்' என்று சொல்லிக்கொண்டே போனால் அந்தக் காலமும் ஓடுகிறது என்பதை மறக்காதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். முழு மருத்துவப் பதிவுகளையும், அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, ஒப்புதல் படிவம், முன்-பின் படங்கள் அனைத்தையும், எழுத்து மூலம் கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், மின்னஞ்சலும் அனுப்புங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறி விதிமுறை.

---

வைகைக்கரை

வழக்குரைஞர் ஐயா, சட்டம் நீங்கள் சொல்வதுதான். ஆனால் உடம்பும் மனமும் ஆறிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் வழக்கைப் பற்றிப் பேச இது நேரமா? என் முதல் அறுவைக்குப் பிறகு நான் மருத்துவரை எதிர்த்துப் போக நினைத்தேன். ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும் அவருக்கு எழுத வேண்டிய கடிதத்தை மனத்துக்குள் எழுதிக்கொண்டே பல் துலக்குவேன். அந்தக் கோபம் என்னைத்தான் தின்றது. விட்ட பிறகுதான் தூக்கம் வந்தது.

---

நீதிமன்ற வாசல்

வழக்குத் தொடரச் சொல்லவில்லை அம்மா. காகிதங்களை வாங்கி வைக்கச் சொன்னேன். வழக்கே வேண்டாம் என்று முடிவெடுத்தாலும், இரண்டாவது மருத்துவருக்கு முதல் அறுவைக் குறிப்பு தேவைப்படும். எங்கிருந்து குருத்தெலும்பு எடுத்தார்கள், எதை எங்கே வைத்துத் தைத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும். விட்டுவிடுவது அவர் விருப்பம். ஆனால் விடுவதற்கும் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

---

பழைய செவிலி

இதில் வழக்குரைஞர் பக்கம் நான். அறுவைக் குறிப்பு இல்லாமல் மறு அறுவைக்கு வந்த நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். மருத்துவர் திறந்து பார்த்த பிறகுதான் நடுச்சுவரில் எடுக்க எதுவுமில்லை என்று தெரியவந்து, மேசையில் படுத்திருப்பவரின் காதைத் தேட வேண்டியிருந்தது.

---

சங்கத்தமிழன்

மூக்கு அறுவை நம் நாட்டில் பிறந்தது என்பதை இங்கே யாரும் சொல்லவில்லையே. சுசுருத சம்ஹிதையிலேயே இருக்கிறது. 1794இல் லண்டன் இதழ் ஒன்றில் புனேயில் நெற்றித் தோலை எடுத்து மூக்கை அமைத்த முறை படத்துடன் வெளிவந்தது. அதைப் படித்துத்தான் கார்ப்பூ என்ற ஆங்கில மருத்துவர் 1814இல் செய்து பார்த்தார். நமக்கு இது பெருமை.

---

உரையாடல்

பெருமைதான். ஆனால் புனேயில் அந்த மனிதருக்குப் போரில் மூக்கே அறுக்கப்பட்டிருந்தது. இல்லாததைத் திரும்பக் கொடுத்த அறுவை அது. தாழம்பூவின் சிக்கல் அங்கே இல்லை, அவர் கேள்விக்கே வருகிறேன்.

நான் மருத்துவ உளவியல் துறையில் இருக்கிறேன். முக அறுவைக்குப் பின் முதல் வாரங்களில் மனம் சோர்வது மிகப் பரவலாக நடப்பது. மயக்க மருந்தின் தாக்கம், வலி, தூக்கமின்மை, வீக்கத்துக்குக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை என்று பலவும் அதில் சேரும். அது பெரும்பாலும் தானாகத் தணியும். ஐந்தாம் மாதத்திலும் முகக்கவசம், படத்துக்கு நிற்காமை, வீட்டில் பேச்சு நின்றுபோதல் என்று வாழ்க்கை சுருங்கிக்கொண்டே வந்தால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். மூக்கு சரியானால் மனமும் சரியாகிவிடும் என்று தள்ளிப்போடக் கூடாது.

தாழம்பூவிடம் நேராகச் சில கேள்விகள். ஒரு நாளில் எவ்வளவு நேரம் கண்ணாடி முன் போகிறது? அறுவைக்கு முன்பும் அப்படித்தான் இருந்ததா? முகத்தில் வேறு பகுதிகளும் உங்களைத் தொந்தரவு செய்கின்றனவா? மற்றவர் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் குறை ஒன்றே நாள் முழுவதையும் விழுங்கும் நிலை சிலருக்கு உண்டு. அதை உடல் தோற்றக் கோளாறு என்கிறோம். அவர்களுக்கு எத்தனை அறுவை செய்தாலும் நிறைவு வராது, சிகிச்சை வேறு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது அப்படித் தெரியவில்லை. உண்மையிலேயே மூச்சு முட்டுகிறது, உண்மையிலேயே உங்களிடம் கேட்காமல் ஒன்றைச் செய்திருக்கிறார்கள், ஏமாற்றப்பட்டதாகவும் உணர்கிறீர்கள். அதற்குத் துக்கப்படுவது நோயில்லை. ஆனால் அந்தத் துக்கத்தைத் தனியாகச் சுமக்கத் தேவையில்லை.

"வாழவே பிடிக்கவில்லை" என்று மற்றவர்கள் எழுதியதைக் குறிப்பிட்டீர்கள். உங்களுக்கும் அப்படித் தோன்றுகிறதா என்று மறைக்காமல் கேட்கிறேன். தோன்றினால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். டெலி-மானஸ், அரசு நடத்துவது, கட்டணமில்லை, நாள் முழுவதும் இயங்குகிறது, தமிழில் பேசலாம்.

---

தாழம்பூ

நேராகக் கேட்டதற்கு நன்றி. ஒரு இரவு தோன்றியது. அம்மாவின் அறைக்குப் போய் அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். இப்போது இல்லை. எண்ணைக் குறித்துக்கொண்டேன். அறுவைக்கு முன் கண்ணாடி என்னை இப்படிப் பிடித்துவைத்ததில்லை. மூக்கைத் தவிர வேறெதுவும் உறுத்தியதும் இல்லை.

ஒரு சின்ன விஷயம், சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அறுவைக்காக மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். துளை தூர்ந்துவிட்டது. பாட்டியின் எட்டுக்கல் பேசரி எனக்கென்று வைத்தது. தங்கை கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள நினைத்திருந்தேன். மறுபடி குத்திக்கொள்ளலாமா?

---

பழைய செவிலி

இப்போது கூடாது. மூக்கின் இறக்கையில் தாங்கலுக்குக் குருத்தெலும்பு வைத்திருக்கிறார்களா என்பது அறுவைக் குறிப்பைப் பார்த்தால்தான் தெரியும். வைத்திருந்தால் ஊசி அதன் வழியாகப் போய்க் கிருமி ஏறும். மறு அறுவை உண்டா இல்லையா என்று முடிவாகட்டும், அதன் பிறகு மருத்துவர் சம்மதத்தோடு குத்திக்கொள்.

---

கனகாம்பரம்

பொற்கொல்லரிடம் சொன்னால் அந்தப் பேசரியைத் துளையில்லாமல் அழுத்திப் பிடிக்கும்படி செய்து தருவார். பின்தண்டை மாற்றினால் போதும், கல்லைத் தொட வேண்டாம். பிறகு எப்போது வேண்டுமானாலும் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம். என் மருமகளுக்கு அப்படிச் செய்திருக்கிறோம். செவிலியம்மா, இதையாவது போடலாமா?

---

பழைய செவிலி

எட்டுக்கல் பேசரி கனம். மரத்துப்போன மூக்கில் அழுத்தம் தெரியாது, தோல் புண்ணாகிவிடும். உணர்ச்சி திரும்பட்டும். அதற்குப் பின் கல்யாணத்தன்று மட்டும் சில மணி நேரம் என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடலாம். பொற்கொல்லர் யோசனை நல்ல யோசனை.

---

தாழம்பூ

இங்கே எழுதி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் காட்டினேன். காலை முழுவதும் வரிசை. ஆனால் மருத்துவர் எண்டோஸ்கோப் போட்டு, திரையில் என்னையும் பார்க்க வைத்து விளக்கினார்.

வலது உள்வால்வு குறுகியிருக்கிறது, சுவர் தளர்ந்திருக்கிறது. செவிலி அக்கா சொன்னது அப்படியே. டர்பினேட்டை ஓரளவுக்குத்தான் குறைத்திருக்கிறார்கள், பெரும்பகுதி அப்படியே இருக்கிறது, நான் பயந்த நோய் இல்லை என்று சொன்னார். அந்த இடத்தில் வறண்டு பொருக்கு கட்டியிருந்தது, அதுவும் அடைப்புக்கு ஒரு காரணம். உப்புநீரால் நாள்தோறும் மூக்கைக் கழுவச் சொன்னார், காய்ச்சி ஆறிய நீர் மட்டும், குழாய் நீர் கூடவே கூடாது என்றார். இரவில் மூக்கின் மேல் ஒட்டி அகட்டிப் பிடிக்கும் பட்டை. முதல் இரவிலேயே வாயை மூடிக்கொண்டு தூங்கினேன். இவ்வளவு எளிய ஒன்றைச் சொல்ல அந்தக் கிளினிக்கில் ஒருவருக்குக்கூட மனம் வரவில்லை என்பது இன்னும் ஆறவில்லை.

நுனிக்கு மேலிருக்கும் திரட்சி பெரும்பாலும் தழும்புத்திசு என்றார். மிகக் குறைந்த அளவில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கிறார். அதிகம் போட்டால் தோல் மெலிந்து குழிவிழும் என்பதால் இடைவெளி விட்டுத்தான் போடுவாராம். கொஞ்சம் அமுங்கியிருக்கிறது. வால்வுக்கு அறுவை தேவைப்படலாம், அதை ஒரு வருடம் முடிந்த பிறகு முடிவு செய்வோம் என்றார். அதே "ஒரு வருடம்"தான். ஆனால் இவர் உள்ளே பார்த்துவிட்டு, காரணத்தைச் சொல்லி, அதுவரை மூச்சுவிட ஒரு வழியும் கொடுத்துவிட்டுச் சொன்னார். என்னால் காத்திருக்க முடிகிறது.

பதிவுகள் கேட்டு எழுதிய கடிதத்துக்குக் கிளினிக் முதலில் பதில் தரவில்லை. விதியைக் குறிப்பிட்டு மறுபடி எழுதியதும் கொடுத்துவிட்டார்கள். வழக்கைப் பற்றி முடிவெடுக்கவில்லை. உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் போகிறேன், இரண்டாம் முறை அம்மாவும் வந்தார். அலுவலகத்தில் மதிய உணவை இப்போது மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

---

வெண்தாமரை

முழு இழையையும் இரவோடு இரவாகப் படித்தேன். எனக்கு அடுத்த வாரம் இதே அறுவை. முன்பணம் கட்டிவிட்டேன். இப்போது பயமாக இருக்கிறது. ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்காது என்கிறார்கள். என்ன செய்வது?

---

பழைய செவிலி

தேதியை முதலில் தள்ளிவை. ரத்து செய்வதா வேண்டாமா என்பதைப் பிறகு யோசி. அவசரமில்லாத அறுவையைத் தள்ளிவைப்பதால் உடம்புக்கு ஒரு கெடுதலும் வராது. தள்ளிவைக்க மறுக்கும் இடம் என்றால் அதுவே உனக்குப் போதுமான தகவல்.

பிறகு மருத்துவரையே சந்தித்துக் கேள், ஒருங்கிணைப்பாளரிடம் இல்லை. அறுவையைச் செய்யப்போவது நீங்களா, வேறொருவரா? என் மூக்கினுள் எதையெல்லாம் தொடுவீர்கள்? அதையெல்லாம் படிவத்தில் எழுதுவீர்களா? என் தோல் தடிப்பானதா, அதனால் நுனியில் எது வராது? எடுக்கும் மேட்டுக்குக் கீழே தாங்கல் வைப்பீர்களா? உங்கள் நோயாளிகளில் மறு அறுவைக்கு வந்தவர்களுக்கு அதை யார் செய்தது, அதற்குக் கட்டணம் உண்டா? மூச்சில் குறை வந்தால் நான் யாரை அழைக்க வேண்டும், அந்த எண்ணை யார் எடுப்பார்?

---

தாழம்பூ

கடைசிக் கேள்விக்குப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள், முந்தைய நாளே வீட்டுக்கு எடுத்துச் சென்று படியுங்கள். எனக்கு அறுவை உடையில் இருக்கும்போதுதான் நீட்டினார்கள். அறுவைக்கு முன் ஐந்தடி தள்ளி நின்று யாரையாவது ஒரு படம் எடுக்கச் சொல்லி அதையும் ஒருமுறை பாருங்கள். தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், என்ன நேரமானாலும் அழைக்கலாம்.